அண்ணன் ஏற மறுத்த வண்டி

ஜூன் 3

அண்ணிக்கு,

நலமில்லை என்று தெரிந்துதான் எழுதுகிறேன். ஆகவே நலம் விசாரிக்கும் வரியை விட்டுவிடுகிறேன்.

அண்ணனோடு சேர்ந்து விளம்பரப் பலகை எழுதிக்கொண்டிருந்தாரே ஒருவர், அவர் போன வாரம் எங்கள் சுரங்கப்பாதை முகாமுக்கு எச்சரிக்கைப் பலகைகள் எழுத வந்திருந்தார். சாப்பாட்டுக் கூடத்தில் என்னைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "ஏம்மா, உங்கண்ணன் இப்பல்லாம் ஆஸ்பத்திரிக்கே போறதில்லையாமே?" தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

சாரத்திலிருந்து விழுந்த அண்ணனுக்கு முதுகெலும்பில் ஆபரேஷன் ஆகி, எழுந்து நிற்க வைத்தே விட்டார்கள். வாரா வாரம் பயிற்சிக்கு வரவேண்டும், விட்டால் தசை இறுகிவிடும், அப்புறம் நடப்பதே பெரும்பாடு என்று டாக்டர் சொன்னபோது நீங்களும் நானும் பக்கத்துப் பக்கத்தில்தானே நின்றோம்? அதற்காகத்தான் என் பழைய நாலு சக்கர வண்டியை உங்களிடம் விட்டு வந்தேன். எனக்கு இங்கே வண்டி தேவைப்படாமல் இல்லை. லாரியில் தொற்றிக்கொண்டு மலை ஏறினேன். வாசலில் வண்டி நிற்கிறது, ஆணியில் சாவி தொங்குகிறது, உங்களுக்கு லைசென்ஸும் இருக்கிறது. இன்னும் என்ன வேண்டும்?

நான் கிளம்பிய அன்று கேட்டைப் பிடித்துக்கொண்டு நீங்கள் சொன்னதை மறக்கவில்லை. "எங்களை நாங்க பாத்துக்கறோம், நீ கிளம்பு." பார்த்துக்கொள்கிற அழகு இதுதானா?

இங்கே போன் எடுக்காது. வாரம் ஒருமுறை சாமான் ஏற்றி வரும் லாரியில்தான் தபால் வரும், போகும். பதில் வராவிட்டால் லீவு எடுத்துக்கொண்டு நானே வந்து அவரைக் கூட்டிப்போகிறேன்.

உங்கள் நாத்தனார்


ஜூன் 12

மாண்புமிகு நாத்தனார் அவர்களுக்கு,

உன் கடிதத்தை உன் அண்ணன் கண்ணில் படாமல் வேலைக்கு எடுத்துப்போய்ப் படித்தேன். எங்கள் பல் செட் செய்யும் கூடத்தில் அப்போது என் கையில் யாரோ ஒருவருடைய மேல்வரிசைப் பற்கள் இருந்தன. நீ கிளப்பிய கோபத்தில் ஒரு கடைவாய்ப் பல்லைக் கொஞ்சம் கூடுதலாகத் தேய்த்துவிட்டேன். அந்த மனிதர் இனிமேல் எதைக் கடித்தாலும் உன்னைத்தான் திட்ட வேண்டும்.

கூட்டிப்போகவில்லை என்று சொன்னவர், கூட்டிப்போன கதையைச் சொன்னாரா?

மெத்தை விரித்து, பின் சீட்டில் அவரைப் படுக்கவைத்து, பெல்ட்டையும் போட்டுத்தான் கிளம்பினேன். கல் குவாரி வழியாகப் போகிற சாலை உனக்குத் தெரியும். லாரிகள் ஓடி ஓடி அது இப்போது சாலையே இல்லை. ஒவ்வொரு சின்னப் பள்ளத்துக்கும் முன்பக்கம் டொக்கு டொக்கென்று இடிக்கிறது. கொஞ்சம் பெரிய மேடு வந்தால் பின்பக்கம் படகு மாதிரி எழும்பி, இறங்கி, மறுபடி எழும்பி, நிற்க மாட்டேன் என்கிறது. நான் நடக்கிற வேகத்தில்தான் ஓட்டினேன். பின்னால் வந்த டிராக்டர்காரன்கூட ஹாரன் அடித்துவிட்டு முந்திக்கொண்டு போனான்.

பின்னாலிருந்து சத்தமே வரவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கண்ணாடியில் பார்த்தால் துண்டை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருக்கிறார்.

"நிறுத்தட்டுமா?"

"ஓட்டு."

பாலத்துக்கு முன்னால் ஒரு பள்ளம். அதைத் தவிர்க்க இடமில்லை. இறங்கி ஏறியதும், "நிறுத்து. தயவுசெஞ்சு நிறுத்து" என்றார். கல்யாணம் ஆன நாளிலிருந்து உன் அண்ணன் என்னிடம் தயவுசெய்து என்று சொல்லி நான் கேட்டதில்லை. நிறுத்தினேன். பிறகு, ஆஸ்பத்திரியைவிட வீடு பக்கமாக இருந்ததால் வீட்டுக்குத் திரும்பினோம். அன்றைக்கே சொல்லிவிட்டார், இனி அந்த வண்டியில் கால் வைக்கமாட்டேன் என்று.

வாடகைக் கார் கூப்பிட்டுப் பார்த்தேன். அதன் சீட் தரையோடு கிடக்கிறது. "கிணத்துக்குள்ள இறங்கற மாதிரி இருக்கு, என்னால முடியாது" என்று கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். உன் வண்டியின் உயரம்தான் அவர் இடுப்புக்குச் சரி. பின்னால் சாய்ந்து உட்கார்ந்து காலைத் திருப்பி உள்ளே வைத்தால் போதும். ஆனால் ஓட ஆரம்பித்தால் அது உரல். உரலுக்குள் தலையைக் கொடுத்தவன் உலக்கைக்கு அஞ்சக்கூடாதாம். உன் அண்ணன் முதுகையே கொடுத்துவிட்டார், அவர் எப்படி அஞ்சாமல் இருப்பார்?

கேட்டருகே நான் சொன்னதற்கு வருகிறேன். சொன்னேன். வேலைக்குச் சேரச் சொல்லி வந்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு, போகவா வேண்டாமா என்று வாசலுக்கும் அண்ணன் கட்டிலுக்கும் நடந்துகொண்டிருந்தவளிடம் வேறு என்ன சொல்வது? போகாதே என்று சொல்லியிருந்தால் நீ போயிருப்பாயா?

அண்ணி


ஜூன் 20

அண்ணிக்கு,

கடைசிப் பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அதற்கு என்ன எழுதுவதென்று தெரியவில்லை. வண்டியைப் பற்றியென்றால் எழுதத் தெரியும். எழுதுகிறேன்.

அது மூன்று லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிய வண்டி. இன்ஜின் இன்னும் ஓடும். தேய்ந்திருப்பது கை கால் மூட்டுகள்தான். நீங்கள் சொல்கிற டொக்கும் ஆட்டமும் இரண்டு வெவ்வேறு வியாதிகள்.

முதலில் ஆட்டம். வண்டியின் பின்பக்க மூலையில் இரண்டு கையையும் ஊன்றி, உங்கள் எடை முழுவதையும் போட்டு அமுக்கிவிட்டுச் சட்டென்று விடுங்கள். எழுந்து அப்படியே நின்றுவிட்டால் நல்லது. தொட்டில் மாதிரி ஆடிக்கொண்டே இருந்தால் ஷாக் அப்சார்பர் போய்விட்டது. டார்ச் அடித்துச் சக்கரத்துக்குப் பின்னால் குனிந்து பாருங்கள். குழாய் மாதிரி ஒன்று நிற்கும். அதன்மேல் எண்ணெய் கசிந்து மண் அப்பியிருந்தால் சந்தேகமே வேண்டாம்.

டொக்கு சத்தம் முன்பக்கக் கோளாறு. பால் ஜாயின்டாக இருக்கலாம், ரப்பர் புஷ்ஷாக இருக்கலாம், லிங்க் ராடாக இருக்கலாம்; எல்லாம் சக்கரத்தை வண்டியோடு கோக்கிற மூட்டுகள். அதைப் பட்டறையில் சக்கரத்தைத் தூக்கி ஆட்டித்தான் பார்க்க முடியும். உங்களுக்கு ஆர்வம் வந்து, ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் படுத்துவிடாதீர்கள். வீட்டில் ஒருவர் படுத்திருப்பது போதும்.

எது எப்படி என்று எழுதுங்கள். கோபம் இருந்தால் அதையும் எழுதுங்கள்.

நாத்தனார்


ஜூன் 29

அன்புள்ள கொசுவுக்கு,

உன் அண்ணன் வைத்த பெயரால் உன்னைக் கூப்பிட்டு நாளாயிற்று. கூப்பிட்டுவிட்டேன்.

நீ சொன்னபடி வண்டியின் பின்மூலையை அமுக்கினேன். என் எடைக்கு ஒரு மரியாதை இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது. விட்டதும் வண்டி எனக்குத் தலையாட்டியது பார், மாமியார் சொல்லுக்கெல்லாம் தலையாட்டுகிற மாப்பிள்ளை தோற்றான். எதிர்வீட்டுக்காரர் துணி உலர்த்துவதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார். உள்ளே ஜன்னலோரக் கட்டிலிலிருந்து உன் அண்ணன், "வண்டிக்குப் பேய் ஓட்டறியா?" என்றார். விழுந்த பிறகு அவர் வாயிலிருந்து வந்த முதல் கிண்டல். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இன்னொரு தரம் அமுக்கினேன்.

குழாயில் எண்ணெய் கசிவு இருக்கிறது, இரண்டு பக்கமும். மண் அப்பி, களிம்பு தடவின கால் மாதிரி நிற்கிறது.

பட்டறைக்கும் போனேன். பட்டறைக்காரர் முன்சக்கரத்தைத் தூக்கி, மேலே ஒரு கை கீழே ஒரு கை வைத்து ஆட்டினார். பிறகு, "நீங்களே புடிச்சுப் பாருங்க மேடம்" என்று விலகிக்கொண்டார். பிடித்து ஆட்டினேன். அந்த டொக்கு என் உள்ளங்கைக்குள் வந்தது. சாலையில் உன் அண்ணனைத் துண்டைக் கடிக்கவைத்த அதே சத்தம்தான், ஆனால் கைக்குள் எத்தனை சின்னதாக இருந்தது தெரியுமா? எங்கள் வேலையிலும் அப்படித்தான். பல் செட் ஈறின்மேல் மயிரிழை ஆடினாலே போதும், அந்த இடத்தில் புண் வந்துவிடும், மனிதர் செட்டைக் கழற்றி டப்பாவில் போட்டுவிடுவார். பொக்கை வாயே மேல் என்பார். உன் அண்ணனும் அதைத்தான் செய்திருக்கிறார் என்று அங்கே நின்றபோது தோன்றியது.

பால் ஜாயின்ட் இரண்டும் போச்சு, ரப்பர் புஷ் எல்லாம் கிழிந்து உதிர்கிறது. "இந்த வயசுல இதுக்கு வைத்தியமா? வித்துட்டு வேற பாருங்களேன்" என்றார். நான் நகரவில்லை. அப்புறம், "செய்யறதுன்னா சொல்லுங்க, நல்ல கெட்டியான ஷாக்கா போட்டுத் தரேன். பாரம் ஏத்தறவங்க போடறது. வண்டி அசையவே அசையாது" என்றார். அசையாத வண்டி நமக்கு நல்லதுதானே? சரி என்று சொல்லிவிடட்டுமா?

அண்ணி


ஜூலை 7

அன்புள்ள அண்ணிக்கு,

சொல்லிவிடாதீர்கள்! இந்தக் கடிதம் போய்ச் சேருவதற்குள் சொல்லிவிட்டிருந்தால் ஓடிப்போய் நிறுத்துங்கள்.

அசையாமல் கிடக்க அது அம்மிக்கல்லா? கெட்டி ஷாக் மூட்டை ஏற்றுகிற வண்டிக்கு. ஒற்றை ஆள் படுத்துப் போகிற வண்டியில் அதைப் போட்டால் சாலையில் இருக்கிற கல்லெல்லாம் அப்படியே அண்ணன் முதுகுக்கு வந்து சேரும். வண்டி அசைய வேண்டும், அசைந்து உடனே அடங்க வேண்டும், அவ்வளவுதான். வண்டி வரும்போதே போட்டிருந்த மிருதுவான ரகமே வேண்டும் என்று கேளுங்கள். நாலு சக்கரத்துக்கும் புதிது. ஒரு பக்கம் பழசு ஒரு பக்கம் புதுசு என்று ஒட்டுப்போட விடாதீர்கள். பால் ஜாயின்ட், புஷ், லிங்க் ராடு எல்லாமே ஜோடியாகத்தான்.

இன்னொன்றும் உண்டு. இதைப் பலர் செய்வதில்லை. வண்டி தூக்கியிருக்கும்போது ரப்பர் புஷ் போல்ட்டுகளை முழுக்க இறுக்கக்கூடாது. சக்கரம் தரையில் பட்டு, வண்டி தன் பாரத்தைத் தானே தாங்கி நின்ற பிறகுதான் கடைசி இறுக்கு. இல்லாவிட்டால் ரப்பர் முறுக்கிக்கொண்டே கிடந்து சீக்கிரம் கிழிந்துவிடும். பக்கத்திலேயே நில்லுங்கள். கேட்டால், நாத்தனார் ஒரு மாதிரி, சண்டைக்கு வருவாள் என்று சொல்லுங்கள். முடிந்ததும் வீல் அலைன்மென்ட். டயரில் காற்றைக் கல் மாதிரி ஏற்றிவைத்திருந்தால் அதையும் குறைக்கச் சொல்லுங்கள்.

லீவு கேட்டேன், கிடைக்கவில்லை. பாறை குடைகிற இயந்திரம் படுத்துவிட்டது, அதை எழுப்புகிறவரை என்னை விடமாட்டார்களாம்.

அண்ணன் எனக்கு ஒரு வரிகூட எழுதவில்லையே. நீங்கள் எழுதுகிற கடிதத்தின் ஓரத்தில் ஒரு கிறுக்கல்கூட இல்லை. விட்டுவிட்டு வந்துவிட்டேன் என்று என்மேல் கோபமா? நிஜத்தைச் சொல்லுங்கள்.

கொசு


ஜூலை 19

அன்புள்ள கொசுவுக்கு,

கோபமெல்லாம் இல்லை. படுத்துக்கொண்டு எழுதினால் எழுத்து கோணிக்கொண்டு போகிறதாம். ஊர்க் கடைப் பெயரையெல்லாம் நூல் பிடித்தாற்போல எழுதிய கை, கோணல் எழுத்தைத் தங்கைக்கு அனுப்பக் கூசுகிறது. மூன்று தாளைக் கிழித்துப் போட்டதை நான் பார்த்தேன். நீ கேட்டதால் சொன்னேன், நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே.

வண்டி தயாராகிவிட்டது. ஒரு நாள் முழுக்கப் பட்டறையில் கவிழ்த்துப் போட்ட டின்மேல் உட்கார்ந்திருந்தேன். பட்டறைக்காரர் கெட்டிக்காரர்தான், வேலை தெரிந்தவர், ஆனால் அவசரக்காரர். தொங்கிக்கொண்டிருந்த வண்டியில் புஷ் போல்ட்டை இறுக்கப் போனவரை, "இறக்கிட்டு இறுக்குங்க" என்றேன். ஸ்பேனரோடு திரும்பிப் பார்த்தார். "யார் சொன்னது?" "என் நாத்தனார்." "அவங்க பட்டறை வெச்சிருக்காங்களா?" "மலையைக் குடையற மெஷினை ரிப்பேர் பண்றா." அதற்குப் பிறகு எதைச் செய்தாலும் என்னைப் பார்த்து, "இது உங்க நாத்தனாருக்கு ஓகேவா?" என்று கேட்டுக்கொண்டே செய்தார்.

கழற்றின சாமான்களைக் காட்டினார். பழைய ஷாக்கைக் கையால் அமுக்கினால் சைக்கிள் பம்பு மாதிரி போய்விட்டு வெளியே வராமலே இருந்தது. புதியதைச் சுலபத்தில் அமுக்க முடியவில்லை, அமுங்கினாலும் நிதானமாக எழுந்து வந்தது.

தனியாகக் குவாரிச் சாலையில் ஓட்டிப் பார்த்தேன். டொக்கு இல்லை. மேட்டில் ஏறி இறங்கினால் ஒரே ஒரு தரம் பெருமூச்சு விட்டு அடங்கிவிடுகிறது. எனக்குப் பாட்டு வந்துவிட்டது கொசு. நான் பாடி நீ கேட்டதில்லை, கேட்காததும் நல்லதுதான்.

வீட்டுக்கு வந்து, "வாங்க, ஏறிப் பாருங்க" என்றேன்.

"நாளைக்கு."

மறுநாளும் நாளைக்கு. அதற்கு மறுநாள் வெயில். அதற்கடுத்து மழை வருமாம். நான் பொறுமை இழந்து, "வண்டி நல்லாயிடுச்சுன்னு சொல்றேன், என் வார்த்தைக்கு மதிப்பே இல்லையா?" என்று கத்திவிட்டேன். அவர் கத்தவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு, "ரெண்டு பேரும் வண்டியைப் பத்திப் பக்கம் பக்கமா எழுதறீங்க. அது குணமாயிடுச்சு. சந்தோஷம்" என்றார். அதோடு பேச்சு நின்றது. இன்று வரை வேண்டும் வேண்டாம் தவிர வேறு பேச்சில்லை.

எனக்குக் கை ஓய்ந்துவிட்டது. இதற்கு எந்தப் பட்டறைக்குப் போவது?

அண்ணி


ஜூலை 27

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் வந்ததிலிருந்து வேலை செய்துகொண்டே யோசிக்கிறேன். தோன்றியது ஒன்றுதான். சரியா என்று தெரியாது.

வண்டி நல்லாகிவிட்டது என்று நீங்கள் சொல்கிறீர்கள், நானும் சொல்வேன். ஆனால் நாம் இரண்டு பேரும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு போகிறவர்கள். நம்மில் யாரும் அந்தப் பின் சீட்டில் படுத்துக்கொண்டு போனதில்லை.

அண்ணனிடம் சொல்லுங்கள், கோணல் எழுத்தானாலும் எனக்கு வேண்டும் என்று. நீங்கள் சொன்னதாகக் காட்டிக்கொள்ளக்கூடாது என்றீர்கள், ஆனால் எனக்கு வேறு வழி தெரியவில்லை. திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள்.

கொசு


ஆகஸ்ட் 6

அன்புள்ள கொசுவுக்கு,

உன் கடிதம் வந்த மறுநாள் பட்டறைக்குப் போய், "என்னைப் பின்னால படுக்க வெச்சுக் குவாரிச் சாலையில ஓட்டுங்க" என்றேன். பட்டறைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். இதுவும் நாத்தனார் உத்தரவா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

உன் அண்ணன் படுத்த மாதிரியே படுத்தேன். கொசு, மேலே கூரை. பக்கத்து ஜன்னலில் மின்கம்பிகளும் மரங்களின் உச்சியும் மட்டும். சாலை என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை. வண்டி நன்றாகத்தான் போனது. ஆனால் அடுத்து பள்ளமா, மேடா, எப்போது, எந்தப் பக்கம், எதுவும் தெரியாது. வராத பள்ளத்துக்கெல்லாம் உடம்பை இறுக்கிக்கொண்டே வந்தேன். பட்டறைக்காரர் பிரேக்கில் கால் வைத்தால் நான் சீட்டைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு முதுகில் ஒன்றும் இல்லை. எனக்கே அப்படி. சாரத்திலிருந்து கால் நழுவினபோதும் உன் அண்ணனுக்குக் கண்ணில் பட்டது வெறும் வானம்தானே?

வீட்டுக்கு வந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்தேன். வண்டி நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை.

"இன்னிக்குப் பின்னால படுத்துட்டுப் போய்ப் பாத்தேன்" என்றேன். "பயமா இருந்துச்சு."

அவர் சுவரைவிட்டு என் பக்கம் திரும்பினார். "இருந்துச்சா?"

"எது எப்ப வரும்னே தெரியலே."

"அதான்" என்றார். அந்த ஒரு சொல்லைச் சொல்ல அவர் எத்தனை வாரம் காத்திருந்தார் என்று எனக்குப் புரிந்தது. அப்புறம் மளமளவென்று கொட்டினார். விழுந்ததைப் பற்றி, கனவைப் பற்றி, ஆஸ்பத்திரியில் இனி சாரம் ஏறக்கூடாது என்று சொல்லிவிடுவார்களோ என்பதைப் பற்றி. நான் நடுவில் பேசாமல் கேட்டேன். நானா என்று நீ நம்பமாட்டாய். கோணல் எழுத்தானாலும் வேண்டும் என்று நீ கேட்டதையும் சொன்னேன், திட்டவில்லை.

சாய்ந்து உட்காரலாமா என்று டாக்டரிடம் போனில் கேட்டோம். முதுகுக்கு அணை கொடுத்து உட்காரலாம், அதுதான் நல்லது என்றார். முன் சீட்டைப் பின்னுக்குத் தள்ளி, சாய்த்து, இடுப்புக்கு ஒரு தலையணை வைத்தேன். முதல் நாள் சும்மா ஏறி உட்கார்ந்துவிட்டு இறங்கினார். அடுத்த நாள் தெருமுனை வரை. இன்று காலை ஆஸ்பத்திரி.

வழி முழுக்க அவர்தான் ஓட்டினார் என்று சொல்ல வேண்டும், ஸ்டியரிங்தான் என் கையில் இருந்தது. "இடது பக்கம் பள்ளம். மெதுவா. அந்தக் கல்லு. இன்னும் மெதுவா. இப்ப போ." டிராக்டர்காரன் மறுபடி முந்திக்கொண்டு போனான். "போகட்டும் போ, அவனுக்கு முதுகு இருக்கு" என்றார். பாலத்துக்கு முன்னால் அந்தப் பள்ளம் வந்தது. "வருது" என்றார். என் கையைப் பிடித்துக்கொண்டார். இறங்கி ஏறினோம். ஒன்றும் ஆகவில்லை. பிடித்த கையை விடாததால் கியர் மாற்றத்தான் சிரமப்பட்டேன்.

டாக்டரிடம் நல்லதும் உண்டு, மற்றதும் உண்டு. விட்ட வாரங்களால் தசை இறுகியிருக்கிறது, ஆனால் மீட்டுவிடலாம். நடப்பார், நன்றாகவே நடப்பார். சாரம் மட்டும் இனி கூடாது. அதைக் கேட்டு அவர் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்து, "டாக்டர், வாசல்ல உங்க பேர்ப் பலகையில எழுத்துக்கு எழுத்து இடைவெளி தப்பு. கழட்டி அனுப்புங்க, மேஜை மேல வெச்சே எழுதித் தரேன்" என்றார். டாக்டரம்மா சிரித்துவிட்டார். அனுப்புகிறேன் என்றார்.

பயிற்சி முடிந்து கிளம்பினோம். திரும்புகிற வழியில் கொஞ்ச தூரம் பள்ளம் சொல்லிக்கொண்டு வந்தார். அப்புறம் குரல் குறைந்தது. குவாரித் திருப்பத்தில் திரும்பிப் பார்த்தால் தூங்கிப்போயிருக்கிறார், வாய் லேசாகத் திறந்து. குவாரிச் சாலை முழுவதையும் தூங்கியே கடந்தார்.

வீட்டு வாசலுக்கு வந்துவிட்டோம். எழுப்ப மனம் வரவில்லை. பையில் இருந்த தாளை எடுத்து ஸ்டியரிங்மேல் வைத்து உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். இன்ஜினை அணைத்தால் அந்த அமைதியிலேயே விழித்துக்கொள்வார். எதிர்வீட்டுக்காரர் வந்து எட்டிப் பார்த்தார், உதட்டில் விரலை வைத்துக் காட்டினேன், நுனிக்காலில் நடந்து போய்விட்டார்.

நிற்கிற வண்டியில் டீசல் எரிகிறது. எரியட்டும்.

அண்ணி